கூட்டுப்பொருளும் கூட்டாய்வும்

அவனியாபுரத்து வாசிகளுக்கு ஆகாய விமானம் ஓர் அதிசயமன்று. தைப்பொங்கலன்று வாடிவாசலைச் சுற்றிக் கூடும் ஜனத்திரளின் தலைக்கு மேலும், மற்ற நாள்களில் கண்மாய்க் கரையில் மேய்ந்து நிற்கும் மாடுகளின் தலைக்கு மேலும், மதுரை விமான நிலையத்தை நோக்கித் தாழ்ந்து செல்லும் விமானங்களை அண்ணாந்து பாராமலே, சப்தத்தைக் கொண்டே, இது பெரியது, இது விசிறி வைத்தது என்று எங்கள் தெருப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அந்த விசிறி வைத்த வகையைச் சேர்ந்த ஏ.டி.ஆர். 72 என்னும் விமானத்தின் இறக்கைகளில், உடலை விட்டு அகன்ற பகுதியின் உட்கூடு இரும்பாலும் ஆனதன்று, அலுமினியத்தாலும் ஆனதன்று. கரியிழைகளைப் பிசினில் தோய்த்து இறுக வைத்துச் செய்தது. அது பறந்து கடக்கும் பழைய சந்துகளிலோ, வைக்கோலை நறுக்கி மண்ணோடு சேர்த்து மிதித்துக் குழைத்து எழுப்பிய சுவர்கள் சில இன்னும் நிற்கின்றன. சற்று அப்பால், மாநகரத்துக் குப்பையெல்லாம் வந்து சேரும் வெள்ளக்கல் கிடங்கில், கிழிந்த பிளாஸ்டிக் பைகள் காற்றில் எழுந்து கருவேல முள்ளில் சிக்கிப் படபடக்கின்றன.

இறக்கை, மண்சுவர், பிளாஸ்டிக் பை ஆகிய இம்மூன்றையும் ஒரே கட்டுரையில் சேர்த்துப் பேசுவதற்கு நியாயம் உண்டு. முதல் இரண்டும் கூட்டுப்பொருள்கள்; மூன்றாவது, மதுரையிலேயே ஒரு கூட்டுப்பொருளின் உறுப்பாக மாறி, நாடெங்கும் சாலைகளில் கலந்த கதையை உடையது. இத்தகைய பொருள்களைத் தொழிலுக்கு ஏற்றவாறு வடிவமைப்பதிலும் உற்பத்தி செய்வதிலும் கல்லூரியும் ஆய்வுக்கூடமும் பட்டறையும் அரசாங்கமும் கூடி உழைத்தது எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை, அதற்குக் காரணம் என்ன என்பதே இங்குப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்ட விஷயம். என் அபிப்பிராயத்தை ஒளித்து வைக்கவேண்டிய அவசியம் இல்லை: எந்த ஆய்வு, “இதை எப்படி, எந்த யந்திரத்தில், யார் கையால் செய்யப்போகிறோம்?” என்ற கேள்வியை முதல் நாளே கேட்டதோ அது பெரும்பாலும் பலித்தது, அக்கேள்வியைக் கடைசி நாளுக்கு ஒத்திவைத்தது, எவ்வளவு நுட்பமானதாயினும், பிரசுரமான தாள்களோடு நின்றுவிட்டது.

கூட்டுப்பொருள் என்பது யாது? தம்முள் கரைந்து ஒன்றாகிவிடாமல், தத்தம் இயல்போடு தனித்து நின்றுகொண்டே, சேர்ந்து சுமை தாங்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வஸ்துக்களின் இணைப்பு என்று சொல்லலாம். பித்தளை அவ்வாறானதன்று, அதில் செம்பும் துத்தநாகமும் கலந்து ஒரே உலோகமாகிவிடுகின்றன. மண்சுவரில் வைக்கோல் வைக்கோலாகவே இருக்கிறது. மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வைக்கோல் இழுவையைத் தாங்கும், தானாக நிமிர்ந்து நிற்காது. உலரும்போது மண்ணில் விரிசல் ஓட முற்பட்டால், குறுக்கே கிடக்கும் தாள் அதை மறித்து நிறுத்துகிறது. 1636ஆம் ஆண்டைச் சேர்ந்ததென்று சொல்லப்படும் திருமலை நாயக்கர் மஹாலின் பிரம்மாண்டமான தூண்களில், செங்கல்லின் மேல் பூசி மெருகேற்றிய சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெண்கருவும் சேர்ந்திருப்பதாக வழிவழியாகக் கூறுவார்கள். நம் கொத்தனார்கள் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரைச் சாந்தில் ஊற்றியதும் இதே ஞானத்தின் பாற்பட்டதே. அவர்கள் சூத்திரம் எழுதவில்லை. ஆனால் எந்தச் சேர்க்கை எத்தனை நாள் புளிக்கவேண்டும், எந்தக் கரண்டியால் எத்தனை முறை தேய்க்கவேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். பொருளைப் பற்றிய அறிவும் செய்முறையைப் பற்றிய அறிவும் அவர்களிடம் வேறு வேறாக இருக்கவில்லை.

நவீன சாஸ்திரம் இதற்குக் கணக்குச் சொன்னது 1920இல். இங்கிலாந்தில் கிரிஃபித் என்னும் ஆய்வாளர், கண்ணாடியை எவ்வளவுக்கெவ்வளவு மெல்லிய இழையாக இழுக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு அது உறுதி பெறுகிறது என்பதைப் பரிசோதனையால் காட்டினார். கட்டியான கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் நுண்ணிய கீறல். மெல்லிய இழையில் பெரிய கீறல் இருக்க இடமே இல்லை. ஆயின் இழையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கயிறு திரிக்கலாம், துணி நெய்யலாம். கதவு செய்ய முடியாது, படகு செய்ய முடியாது. ஆகவே இழைகளைத் தத்தம் இடத்தில் பிடித்து நிறுத்தவும், ஓர் இழை அறுந்தால் அதன் பாரத்தை அண்டை இழைக்கு மாற்றவும் ஒரு பிணைபொருள் வேண்டும். பிசின்கள் அவ்வேலைக்கு வந்தன. 1930களில் கண்ணாடி இழை தொழில்முறையில் உற்பத்தியாகத் தொடங்கியது. 1960களில் கரியிழை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முதிர்ச்சி பெற்றது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம் இருக்க, அதே அளவு கரியிழை 1.8 கிராம்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், விமானம் கட்டுபவர்கள் அதன்மேல் ஏன் மோகம் கொண்டார்கள் என்பது விளங்கும்.

இங்கே ஒரு விசேஷத்தை நிதானமாகக் கவனிக்கவேண்டும். இக்கட்டுரையின் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. இரும்பு வேலை செய்பவன் தகட்டைக் கடையில் வாங்குகிறான். அதன் உறுதி ஆலையிலேயே நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. அவன் வெட்டுகிறான், வளைக்கிறான், பற்றவைக்கிறான். கூட்டுப்பொருளில் அப்படிக் கடையில் கிடைக்கும் பொருள் ஒன்று இல்லை. இழையும் பிசினும் தனித்தனியே வருகின்றன. கதவு உருவாகிற அதே க்ஷணத்தில்தான் கதவுக்கான பொருளும் உருவாகிறது. இழையை எந்தத் திசையில் வைத்தான், எத்தனை அடுக்கு வைத்தான், அடுக்குகளுக்கிடையே காற்றுக் குமிழி தங்கிற்றா, பிசின் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் இறுகிற்று என்பவையெல்லாம் அப்பொருளின் குணத்தையே மாற்றிவிடும். ஆகையால் வடிவமைப்பவன், பொருளை ஆராய்பவன், செய்பவன் என்ற மூவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் இத்துறையில் காரியம் நடவாது. மற்றத் துறைகளில் கூட்டு முயற்சி ஒரு சௌகரியம். இதில் அது பொருளின் இயற்கையாலேயே விதிக்கப்பட்டது.

இதை மறந்தவர்களுக்கு நேர்ந்த கதிக்குப் பெரிய உதாரணம் இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் ஸ்தாபனம். ஆர்.பி. 211 என்னும் விமான இயந்திரத்தின் முகப்பு விசிறிக்குக் கரியிழையால் இலைகள் செய்து எடையைக் குறைத்துவிடலாம் என்று அவர்கள் 1960களின் பிற்பகுதியில் முடிவு செய்தார்கள். பொருள் உறுதியானது, கணக்கும் சரியானது. ஆயினும், பறக்கும்போது பறவை வந்து மோதினால் தாங்குமா என்று சோதித்தபோது இலைகள் சிதறிப்போயின. டைட்டேனியத்துக்குத் திரும்பவேண்டியதாயிற்று. அந்த இயந்திரத்தின் செலவு மலைபோல் வளர்ந்து, உலகப் புகழ் பெற்ற அந்தக் கம்பெனி 1971 பிப்ரவரியில் திவாலாயிற்று; அரசாங்கம் எடுத்து நடத்தவேண்டி வந்தது. கரியிழை விசிறி இலை பிற்பாடு பலிக்கவில்லையா என்றால், பலித்தது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஜி.இ. 90 இயந்திரத்தில் 1995இல் சேவைக்கு வந்தது, இலையின் விளிம்புக்கு டைட்டேனியக் கவசம் போட்டுக்கொண்டு. நடுவில் கழிந்தது கால் நூற்றாண்டு.

நம் தேசத்தில் இத்துறைக்கு வித்திட்டது ஆகாயமும் வானவெளியுமே. பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் 1959இல் தோன்றியது. பிற்காலத்தில் தேஜஸ் போர் விமானத்துக்காக அது பட்ட பாடு கூட்டாய்வுக்கு நல்ல சான்று. 2001 ஜனவரி 4ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த அவ்விமானத்தின் உடற்கட்டில், எடையின்படி ஏறக்குறைய 45 சதவீதம் கூட்டுப்பொருள். வடிவமைப்பை ஒரு நிறுவனமும், பொருளையும் செய்முறையையும் ஆய்வகமும், கட்டுமானத்தை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் பகிர்ந்துகொண்டன. அழுத்தத்திலும் சூட்டிலும் பாகங்களை இறுகவைக்கும் பெரிய கொப்பரைகளைக்கூட அந்த ஆய்வகத்தார் உள்நாட்டிலேயே உருவாக்கிக்கொண்டார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். இழையைப் பற்றிக் கட்டுரை எழுதுவது எளிது. கொப்பரை கட்டுவதற்கு மனத்துணிவு வேண்டும்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், தும்பாவில் ராக்கெட்டுகளுக்காக இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்கை வளர்த்தவர்களுள் ஒருவர். அவர் தம் சொற்பொழிவுகளில் அலுக்காமல் சொல்லிவந்த சம்பவம் ஒன்று உண்டு. 1989இல் ஏவப்பட்ட அக்னி ஏவுகணைக்காக ஆராய்ந்த இலேசான பொருளை, ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவரைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாராம். அங்கே மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிகளைக் கால்களில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்த குழந்தைகளைக் கண்டு, மூன்றே வாரத்தில் 300 கிராம் எடையுள்ள தாங்கியைச் செய்து கொடுத்தார்கள். இதை உருக்கமான கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். என் மனத்தில் தைத்தது அந்த மூன்று வாரமே. ஆராய்ச்சி ஏற்கனவே முடிந்திருந்தது. செய்யும் கைகளும் அச்சுகளும் தயாராக இருந்தன. குறைவாக இருந்தது, “எனக்கு இது வேண்டும்” என்று சொல்லும் ஒரு மருத்துவர். பின்னர், 1988இல் ஏற்பட்ட டைஃபாக் என்னும் தொழில்நுட்பத் தகவல் ஆலோசனை மன்றம், கலாமின் தலைமைக் காலத்தில் கூட்டுப்பொருள்களுக்கென்றே ஒரு திட்டம் வகுத்து, ரயில் இயந்திரத்தின் பற்சக்கரப் பெட்டி, சணலும் தென்னை நாரும் சேர்ந்த பலகை போன்ற பல சாதாரண வஸ்துக்களைத் தொழிற்சாலைகளோடு சேர்ந்து செய்வித்ததும் அதே மனப்பான்மையின் தொடர்ச்சிதான். ரயில்வே வாங்கும் என்ற நிச்சயம் இருந்ததால் பற்சக்கரப் பெட்டி பிழைத்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். அவனியாபுரத்துக்கு மேற்கே, திருப்பரங்குன்றத்து மலையின் அண்மையில், ஆலையதிபர் கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1957இல் நிறுவிய தியாகராஜர் பொறியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே ரசாயனப் பேராசிரியராக இருந்த ஆர். வாசுதேவன், பொறியாளர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். சாலை போடுகிற சாஸ்திரம் அவருடைய துறையன்று. பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்யவேண்டும் என்ற குரல் எழுந்திருந்த காலத்தில், பிளாஸ்டிக்கும் தாரும் இரண்டுமே பெட்ரோலியத்தின் பிள்ளைகளாயிற்றே, அவற்றை ஒட்டவைக்க முடியாதா என்று அவர் யோசித்தார். மற்றவர்களும் யோசித்தார்கள், ஆனால் அவர்கள் பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்க முயன்றார்கள். அது நேரான வழியாகத் தோன்றினாலும், கொதிக்கும் தாரில் பிளாஸ்டிக் சிறிதளவுக்கு மேல் நிலையாகக் கலந்து நிற்பதில்லை. கிளறுவதை நிறுத்தினால் பிரிந்துவிடும். அதைப் பிரியாமல் வைத்திருக்கத் தனி யந்திரம் வேண்டும்.

வாசுதேவன் தாரை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தார். சாலைக்கான தார்க்கலவை ஆலையில் ஜல்லியை எப்படியும் 170 டிகிரி வரை சூடேற்றத்தான் செய்கிறார்கள். அந்தச் சூடான ஜல்லியின் மேல், நெல்லினும் சிறிய துண்டுகளாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், ஒரு நிமிஷத்துக்குள் அது உருகிக் கல்லைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிந்துவிடுகிறது. அதன் பிறகு 160 டிகிரியில் தாரை ஊற்றினால், தோலும் தாரும் ஒரே குலத்தவை ஆதலின் இறுகப் பற்றிக்கொள்கின்றன. சாதாரணச் சாலை மழைக்காலத்தில் பாழாவதற்கு மூலகாரணம், கல்லுக்கும் தாருக்கும் நடுவே நீர் நுழைந்து இரண்டையும் பிரித்துவிடுவதே. ஏனெனில் கல் நீரை விரும்புகிறது, தார் வெறுக்கிறது. இடையில் பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டால் கல்லின் நுண்துளைகள் அடைபட்டு நீருக்கு வழியில்லாமற் போகிறது. பிளாஸ்டிக் இளகுவதற்குப் போதுமானதும், அது சிதைந்து நச்சு வாயுவைக் கக்கும் சூட்டுக்கு மிகக் குறைந்ததுமாகிய இடைவெளியில் வேலை முடிந்துவிடுகிறது, பி.வி.சி. வகையை மாத்திரம் கட்டாயமாக விலக்கவேண்டும்.

இது ஒரு கூட்டுப்பொருள் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கல், பிளாஸ்டிக், தார் என மூன்று வஸ்துக்கள். ஒவ்வொன்றும் தன் இயல்போடு நின்று, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டர் போடச் சுமார் 10 டன் தார் வேண்டுமென்றால், இம்முறையில் 9 டன் தாரும் ஒரு டன் குப்பைப் பிளாஸ்டிக்கும் போதும். அந்த ஒரு டன் என்பது ஏறத்தாழ பத்து லட்சம் கைப்பைகள். இதைவிட மேலான விஷயம், ஒப்பந்ததாரர் புதிதாக ஒரு யந்திரமும் வாங்கவேண்டியதில்லை என்பது. இருக்கிற ஆலை, இருக்கிற சூடு, இருக்கிற ஆட்கள்; நடுவில் ஒரு கூடை நறுக்கிய பிளாஸ்டிக். இவ்வளவு பெரிய வெற்றி இவ்வளவு சிறிய மாற்றத்தால் விளைந்தது தற்செயலன்று. செய்முறையை முதலில் வைத்து, பொருளை அதற்கு இசைவாக அமைத்ததன் பலன் அது.

2002இல் கல்லூரி வளாகத்துச் சாலையில் இது முதலில் போடப்பட்டது. அதன் பிறகு நடந்தது ஒருவர் செய்த காரியமன்று. மாவட்ட நிர்வாகங்கள் கிராமச் சாலைகளை ஒப்படைத்தன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பிளாஸ்டிக்கைச் சேகரித்துச் சுத்தம் செய்து நறுக்கிக் கொடுத்தன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஏற்கனவே போட்ட சாலைகளைப் பரிசோதித்து, குழியோ தடமோ விழவில்லை என்று 2008இல் அறிக்கை வெளியிட்டது. 2006இல் காப்புரிமை கிடைத்தும், வாசுதேவன் அதை விலைக்கு விற்காமல் நாட்டுக்கு இலவசமாகத் தந்தார். 2013இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டு நூல் வகுத்தது. 2015 நவம்பரில் மத்திய நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம் பெருநகரங்களின் சுற்றுப்புறச் சாலைகளில் இதைக் கையாளும்படி உத்தரவிட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. தேய்ந்த சாலையிலிருந்து நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் மண்ணுக்கும் நீருக்கும் போகுமா என்ற கேள்வியை இப்போது உலகெங்கும் எழுப்புகிறார்கள். அது நியாயமான கேள்வியே, அதற்கும் இதே பொறுமையோடு விடை காணவேண்டும். ஆயினும் முதற் சாலைக்கும் வழிகாட்டு நூலுக்கும் இடையே பதினோரு வருஷங்கள் சென்றன என்பதைக் கல்லூரி நிர்வாகிகள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மூன்றாண்டு ஆய்வு மானியத்தில் முடிகிற காரியமன்று இது.

இதன் எதிர்ப்பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முகஸ்துதியாகிவிடும். மதுரை, விருதுநகர் வட்டாரத்துப் பொறியியற் கல்லூரிகளில் கடந்த சில பத்தாண்டுகளாக மிகுதியாக நடந்துவருவது இயற்கை நார் கொண்ட கூட்டுப்பொருள் ஆய்வு. கிருஷ்ணன்கோவிலிலுள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. இங்குள்ள மண்ணுக்கு இது இயல்பான விருப்பம். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் மல்லிகையைத் தொடுப்பது வாழைநாரால். கிணற்றுக் கமலைக்கும் மாட்டுக்கும் கயிறு திரித்தது கத்தாழை நாராலும் பனைநாராலும். மேலக்கால் போன்ற கிராமங்களில் வாழைநார்க் கயிறு இன்றும் குடும்பத் தொழில். கண்ணாடி இழையின் அடர்த்தி 2.5 இருக்க, இந்நார்களின் அடர்த்தி 1.5க்கு உட்பட்டது, மலிவு, மட்கிப்போகும். இவ்வளவு சாதகங்கள் இருந்தும், மாணவர்கள் நாரை எரிசோடாவில் ஊறவைத்து, பிசினில் அமுக்கி, இழுத்துப் பார்த்து, வளைத்துப் பார்த்து, எத்தனை மெகாபாஸ்கலில் உடைந்தது என்று வரைபடம் போட்டு எழுதிய ஆய்வுகளின் எண்ணிக்கையோடு, அவற்றால் சந்தைக்கு வந்த வஸ்துக்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டால் மனம் சோர்ந்துபோகிறது.

சோர்வுக்குக் காரணம் நாரின் மேல் இல்லை என்பதற்குப் பழைய கிழக்கு ஜெர்மனியின் டிராபான்ட் கார் சாட்சி. தகட்டு எஃகு கிடைக்காத நெருக்கடியில், பஞ்சுக் கழிவைப் பினாலிக் பிசினோடு சூட்டில் அழுத்தி அதன் மேலுடலைச் செய்தார்கள். 1957 முதல் 1991 வரை முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் அவ்வாறு ஓடின. ஹார்வி பஞ்சு மில்லின் சங்கொலியில் வளர்ந்த மதுரைக்காரனுக்குப் பஞ்சுக் கழிவில் கார் செய்தார்கள் என்பது சற்றே பொறாமையையும் உண்டாக்கும். அவர்களிடம் அழுத்தும் யந்திரம் இருந்தது, எஃகு இல்லை, கார் வேண்டியிருந்தது. நம்மிடம் நாரும் வரைபடமும் மட்டும் இருக்கின்றன.

மதுரைக்குத் தெற்கே ஒரு சிறிய பட்டறையில், தண்ணீர்த் தொட்டியும் குளியலறைக் கதவும் செய்துகொண்டிருந்த ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் இதைக் கூட்டுப்பொருள் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ‘பைபர்’ என்றால்தான் தெரியும். “வாழைநாரில் கதவு செய்து பார்த்ததுண்டா, தம்பி?” என்று கேட்டேன். அவர் கையிலிருந்த உருளையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“காலேஜுப் பிள்ளைக வாராக, அய்யா. கையளவு துண்டு செஞ்சு குடுங்கம்பாக, செஞ்சு குடுப்பேன். எனக்கு ஆளுயரக் கதவு வேணும்ல? சித்திரை வெயில்ல ஹார்டனரு ஒரு சொட்டுக் கூடிப்போனா வாளியிலேயே கெட்டியாயிரும். ஐப்பசி மழையில நாரு ஈரத்தக் குடிச்சுக்கிட்டு, பிசின ஒட்டவிடாது. கண்ணாடி மேட்டுன்னா சுருட்டு வாங்கி அளந்து வெட்டிப் போடலாம். நாரு ஒண்ணு தடியா இருக்கு, ஒண்ணு மெலிசா இருக்கு. இதுக்கெல்லாம் அவுகட்ட கணக்கு இருக்கா?”

அவர் சொன்ன இந்தச் சில வாக்கியங்களில் ஓர் ஆய்வுத் திட்டமே அடங்கியிருக்கிறது. பருவத்துக்குப் பருவம் மாறும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற பிசின் அளவு. நாரை உலர்த்திப் பதப்படுத்தும் மலிவான முறை. சீரான கனத்தில் நாரைப் பாயாக்கித் தரும் சிறு யந்திரம். பெரிய உருப்படியைச் செய்யும்போது எழும் வளைவும் குமிழியும். இவற்றுள் எதுவும் சர்வதேசப் பத்திரிகையில் இடம் பிடிக்கும் தலைப்பன்று என்பதால் எவரும் தொடுவதில்லை. தொட்டிருந்தால் அவருடைய பட்டறையில் இந்நேரம் ஒரு வாழைநார்க் கதவாவது சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்.

செய்முறை அறிவைப் புறக்கணித்ததன் விளைவைக் கடற்கரை இன்னும் கொடுமையாகக் காட்டியது. 2004 டிசம்பர் 26ஆம் தேதிச் சுனாமிக்குப் பிறகு, படகிழந்த மீனவர்களுக்குத் தர்ம ஸ்தாபனங்கள் அவசர அவசரமாகப் பைபர் படகுகளை வாங்கித் தந்தன. நேற்று வரை இவ்வேலை செய்யாதவர்களெல்லாம் படகு கட்டினார்கள். அவற்றுள் பல தரம் குறைந்தவை என்ற குறை எழுந்து, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் படகுக் கூடங்களுக்குப் பயிற்சியளிக்க வேண்டியதாயிற்று. இழை அதேதான், பிசினும் அதேதான், பக்குவந்தான் இல்லை.

தென் மாவட்டங்களுக்கு வேறொரு பிரச்சினையும் காத்திருக்கிறது. 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கி, ஆரல்வாய்மொழி வரை நிமிர்ந்து நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகள் கண்ணாடி இழையாலானவை. அவ்விழையைப் பிணைக்கும் பிசினை, ஒருமுறை இறுகிவிட்டால், மறுபடியும் உருக்க முடியாது. முதல் தலைமுறைக் காற்றாலைகள் இறக்கப்படும்போது அந்த இறக்கைகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? வெள்ளக்கல்லில் பிளாஸ்டிக்கைக் கொட்டியதுபோல் அவற்றையும் ஒரு கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டு, இருபது வருஷம் கழித்து ஒரு ரசாயனப் பேராசிரியருக்காகக் காத்திருக்கப் போகிறோமா?

மேல்நாடுகளில் இப்போது ஆய்வையும் உற்பத்தியையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவரும் ஏற்பாடுகள் நிலைத்துவிட்டன. பிரிஸ்டலில் 2011இல் திறந்த தேசியக் கூட்டுப்பொருள் மையத்தில், விமானக் கம்பெனியின் தொழிலாளியும் சர்வகலாசாலை மாணவனும் ஒரே யந்திரத்தருகே நிற்கிறார்கள். நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் சர்வகலாசாலைகளின் தலைமையில் 2017இல் தொடங்கிய ஆய்வுக் கூட்டமைப்போ, கூட்டுப்பொருள் என்று மட்டும் சொல்லாமல் அதன் உற்பத்தி என்பதையே தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் கூட்டுப்பொருள் தொழில்நுட்ப மையம் நெடுநாளாக இயங்கிவருகிறது. இவற்றை அப்படியே பெயர்த்து வைகைக் கரையில் நட்டுவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை; அவ்வளவு பணமும் இல்லை, அவ்வளவு விமானக் கம்பெனிகளும் இல்லை.

இருப்பது என்னவென்று பார்ப்போம். 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய குடும்பத் தொழிலின் கிளையாக, மேலூர்ச் சாலை வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலை நடக்கிறது. ரப்பர், கரித்தூள், நைலான் நூல், எஃகுக் கம்பி எல்லாம் தத்தம் இடத்தில் நின்று சேர்ந்து உழைக்கும் டயரைவிட நல்ல கூட்டுப்பொருள் பாடம் எந்த வகுப்பறையில் உண்டு? கோச்சடையில் இயந்திர வார்கள் செய்யும் ஃபென்னர் தொழிற்சாலை இருக்கிறது. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகள் இருக்கின்றன. ஆய்விலிருந்து உற்பத்திக்குப் போக மதுரைக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அரவிந்த் கண் மருத்துவமனையார் 1992இல் ஆரோலேப் என்னும் கூடத்தைத் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வாங்கிய கண்ணுள் பொருத்தும் வில்லையை இங்கேயே செய்து, அதன் விலையைச் சில நூறு ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். வில்லை தேவை என்று சொன்ன மருத்துவரும் அதைச் செய்த கூடமும் ஒரே குடும்பத்தில் இருந்ததே அங்கே நிகழ்ந்த அதிசயத்தின் ரகசியம்.

ஆகவே நம் கல்லூரிகளின் முதல்வர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் திட்டத்துக்கான தலைப்பை நூலகத்தில் தேடுவதற்கு முன், ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், பட்டறைகளில் உருளை பிடித்துப் பைபர் போடட்டும். வாளியில் பிசின் இறுகிப்போவதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்கட்டும். பட்டறைக்காரர் கேட்கும் கேள்விகளை அவர் சொன்ன பாஷையிலேயே எழுதிக்கொண்டு வந்து, அவற்றுள் ஒன்றைத் தலைப்பாக வைக்கட்டும். பெரியார் நிலையத்திலிருந்து கப்பலூருக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது.